இருநூறு மணி நேரம்

சுமித்ராவின் காதைப் பற்றி, ஆந்திர எல்லையோரத் தொழில்நகரமான ஸ்ரீ சிட்டியில் அவள் வேலை பார்க்கும் ஸ்பீக்கர் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேன்டீனில் கேட்டால் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். மூன்றாவது ஷெட்டில் ஸ்க்ரூ விழுந்தால் முதல் ஷெட்டில் இருந்தபடியே அது என்ன சைஸ் ஸ்க்ரூ என்று சொல்லிவிடுவாளாம். அது சுத்தப் புளுகு. ஆனால் பதினோரு வருஷத்தில் அவள் சரி என்று அனுப்பிய ஒரு ஸ்பீக்கர்கூடத் திரும்பி வந்ததில்லை என்பது புளுகு இல்லை. யார் வேண்டுமானாலும் ரெக்கார்டை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே தயாராகும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் பெட்டிக்குள் போகும் முன் ஒரு சின்ன அறைக்குள் வரும். பூத் என்பார்கள். நாலு சுவரிலும் பஞ்சு. உள்ளே கதவைச் சாத்தினால் தன் மூச்சே தனக்குக் கேட்கும். மிஷின் அடி உறுமலில் தொடங்கி உச்சிக் கீச்சு வரை ஒரு சத்தத்தை ஸ்பீக்கருக்குள் ஓட்டும். கம்ப்யூட்டர் ஒரு கோடு வரைந்து ‘பாஸ்’ என்று காட்டும். அதற்குப் பிறகும் சுமித்ரா தலையாட்டினால்தான் அது பாஸ். இரண்டாம் நம்பர் பூத் அவளுடையது.

அந்தக் காது அவளுக்கு மாம்பழத்தால் வந்தது. கல்யாணமான புதிதில் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் ஆறு சீசன் வேலை பார்த்தாள். கூழை டின்னில் அடைத்து, வேகவைத்து, ஆறிய பிறகு ஒரு சின்னக் கம்பியால் ஒவ்வொரு மூடியையும் தட்டிக்கொண்டே போக வேண்டும். சரியாக அடைத்த டின் கணீர் என்னும். காற்றுப் புகுந்த டின் மொத்தென்று சொல்லும். அந்த மொத்து ஒன்று தப்பிப் போனால் இரண்டு மாதத்தில் டின் உப்பி வெடித்து, கப்பலேறிய சரக்கு மொத்தமும் நாறும். நாளைக்கு நாலாயிரம் டின். பக்கத்தில் மிஷின் அலறிக்கொண்டிருக்கும், மேஸ்திரி தெலுங்கில் கத்திக்கொண்டிருப்பார், சுமித்ரா தட்டிக்கொண்டே போவாள்.

பிறகு சத்தியவேட்டுக்குக் குடிவந்து ஸ்பீக்கர் கம்பெனியில் சேர்ந்தபோது, முன் அனுபவம் என்ன என்று கேட்டார்கள். “டின்னு தட்டிகினு இருந்தேன் சார்” என்றாள். சிரித்துவிட்டு சால்டரிங்கில் போட்டார்கள். நாலாம் மாதம் டீ குடிக்கப் போகிற வழியில் பூத் கதவு திறந்திருந்தது. நின்றாள். “சார், அதுல ஏதோ ஒண்ணு உரசுது” என்றாள். கம்ப்யூட்டர் பாஸ் போட்டிருந்த பீஸ் அது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ‘காயில்’ என்கிற கம்பிச் சுருள் ஒரு நூல் அளவு சாய்ந்து உரசிக்கொண்டிருந்தது. அன்றோடு சால்டரிங் முடிந்தது. சிரித்தவர்களே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

இப்படிப்பட்டவளுக்குக் கம்பெனியில் ஒரே ஒரு விரோதி. மனுஷன்கூட இல்லை, ஓர் அட்டை. ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளும் பளபளவென்று ஓர் அட்டை போட்டு அனுப்புவார்கள். ‘முதல் இருநூறு மணி நேரம் ஓட விடுங்கள். அதன் பிறகு ஒலி முழுமையாக மலரும்.’ மலர்வதற்கு அது என்ன மல்லிகை மொட்டா என்று சுமித்ரா கேட்பாள். குவாலிட்டி எஞ்சினியர் அஷ்வின் சண்டைக்கு வருவான். சென்னைப் பையன், நல்லவன், ஆனால் வீட்டில் புது ஹெட்போன் வாங்கிப் பத்து நாள் போர்வைக்குள் சுற்றி வைத்துப் பாட விட்டவன். புது பைக்கை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவதில்லையா, அதே கதைதான் அக்கா என்பான்.

“பைக்குல இரும்பும் இரும்பும் தேயுது சார். இதுல இருக்கறது ரப்பரும் துணியும். ரெண்டு நிமிசம் நல்லா ஆட்டினா இளகிடும். அந்த ஆட்டு ஆட்டறதுதான் என் வேலையே. அப்பால இளகறது ஸ்பீக்கரு இல்ல, நம்ம காது. புதுச் செருப்பு மாதிரி பழகிப் பூடுது” என்பாள்.

வாயால் பேசி விட்டுவிடுகிற ஆளும் இல்லை அவள். ஒரு வருஷம் ஆடிமாச ஷட்டவுனில் ஸ்டோர் ரூமில் ஒரு ஜோடியை முந்நூறு மணி நேரம் ஓட விட்டாள். பக்கத்தில் பிரிக்காத புது ஜோடி. ஒரு திரையைக் கட்டி, அஷ்வின் உட்பட ஒன்பது பேரை உட்கார வைத்து, எது ஓடினது எது புதுசு என்று கேட்டாள். ஐந்து பேர் தப்பாகச் சொன்னார்கள், அதில் அஷ்வின் ஒருவன். அவளுக்கே தெரியவில்லை. கம்ப்யூட்டர் கோட்டில் மட்டும் மயிரிழை வித்தியாசம். தனக்கே தெரியாதது ஊரில் எவனுக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டுத் திரையைக் கழற்றினாள். திமிர்தான். அந்தத் திமிருக்கு அவளிடம் காரணம் இருந்தது.

திமிருக்குச் சோதனை மார்கழி முடிந்து வந்தது. திருப்பதியிலிருந்து பாஷ்யம் என்ற பெரியவர் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு நேராகவே மெயில் போட்டிருந்தார். திருமலையில் நாற்பது வருஷம் பாராயண கோஷ்டியில் இருந்து ஓய்வு பெற்றவர். நாயனமும் தவிலும் கேட்பதற்கென்றே ஆசை ஆசையாக இந்தக் கம்பெனியின் பெரிய ஸ்பீக்கர் ஜோடியை வாங்கியிருக்கிறார். இடது பக்கம் அடைத்துக்கொண்டது போல் இருக்கிறது என்று முதல் நாளே கடைக்குப் போன் செய்திருக்கிறார். அட்டையைப் படியுங்கள் சார், இருநூறு மணி நேரம் ஓடட்டும் என்றார்களாம். ஓட்டினார். இன்னும் நூறு என்றார்களாம். அதையும் ஓட்டினார். இப்போது பொறுமை போய்விட்டது. மெயிலின் அடியில் சீரியல் நம்பர் இருந்தது. நம்பரை வைத்துப் பார்த்தால், இரண்டாம் நம்பர் பூத், சுமித்ரா பாஸ் போட்டது.

அதே வாரத்தில் அவள் பாஸ் போட்ட நானூறு ஜோடியும் குடோனில் நிறுத்தப்பட்டன. குவாலிட்டி மேனேஜர் சாய்குமார் சித்தூர்க்காரர், குரலை உயர்த்தாத மனிதர். “விசாரண முடியற வரைக்கும் பேக்கிங்குல இரும்மா. நா கையில ஏமி லேது, ஒண்ணுமில்ல” என்றார்.

பேக்கிங்கில் அவளுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? பெட்டிக்குப் பெட்டி அந்த அட்டையைப் போடுவது. விதி மனுஷர்களைக் கேலி செய்வது என்று முடிவு செய்துவிட்டால் கொஞ்ச நஞ்சமாகச் செய்வதில்லை. மூன்று வாரம் போட்டாள். வீட்டில் மகள் ரக்ஷிதாவிடம் சொல்லவில்லை. அம்மாவின் வேலையைப் பற்றி பிளஸ் டூவுக்குச் சமமான தன் இன்டர் கிளாஸ் முழுக்கப் பீற்றி வைத்திருக்கும் பெண் அது. ராத்திரி சோறு போடும்போது, இன்னைக்கு எத்தனை பீஸைத் திருப்பி அனுப்பினேம்மா என்று கேட்பாள். ரெண்டு, மூணு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் சோறு இறங்காது. ஒருவேளை அன்றைக்குத் தன் காதுதான் தூங்கிவிட்டதோ என்று ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நாலாவது வாரம் பெரியவரைச் சமாதானம் செய்ய அஷ்வினைத் திருப்பதிக்கு அனுப்புவதாகத் தெரிந்தது. சுமித்ரா லீவு போட்டுவிட்டுப் போய் அவன் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

கார் நாகலாபுரம் தாண்டியது. அஷ்வின் மெதுவாக ஆரம்பித்தான். “அக்கா, கோபப்படாதீங்க. அங்க எப்படி இருந்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லிடுவோம். இன்னும் ஒரு நூறு மணி நேரம்னா அவர் கேட்டுப்பார். கம்ப்ளெயின்ட் க்ளோஸ். திங்கக்கிழமை நீங்க பூத்துல இருப்பீங்க.”

“கெட்டுப் போயிருந்தா?”

“கெட்டுப் போயிருந்தா நீங்கதான் முதல்ல மாட்டுவீங்க. அதனாலதான் சொல்றேன்.”

சுமித்ரா புத்தூர் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, அவள் நல்லதுக்குத்தான் சொன்னான்.

பாஷ்யத்தின் வீடு அலிபிரி போகும் சாலையில் ஒரு சந்துக்குள் இருந்தது. கதவைத் திறந்தது அவர் மனைவி நாமகிரி. “வாங்கோ, வாங்கோ. காலம்பற கிளம்பினேளா? மொதல்ல காப்பி சாப்பிடுங்கோ” என்று உள்ளே அழைத்தார். பாஷ்யம் கூடத்தில் நின்றிருந்தார். கோபக்காரரை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். அந்த முகத்தில் கோபத்தைவிடச் சங்கடம்தான் அதிகம் இருந்தது.

“நேக்கு வயசு அறுபத்தெட்டு. காதுதான் போயிடுத்தோன்னு நெனைச்சுண்டு டாக்டரண்டகூடப் போயிட்டு வந்துட்டேன். நன்னா இருக்குங்கறார். ஒருத்தருக்கும் சிரமம் குடுக்கணும்னு எழுதலை. எது சரின்னு தெரிஞ்சா போறும்” என்றார்.

“தவில் இருக்குதுங்களா? போடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே சவுண்டு வர்ற மாதிரி” என்றாள் சுமித்ரா.

தவில் ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். வலது பக்கம் தவில் அடி பளீர் பளீரென்று விழுந்தது, வாசிப்பவர் விரலில் மாட்டிய கூடு தோலில் படுவது வரை தெரிந்தது. இடது பக்கம் அதே தவிலை யாரோ ஈரச் சாக்கைப் போர்த்தி அடித்தது போல் இருந்தது. மாம்பழத் தொழிற்சாலையில் கேட்ட அதே மொத்து. இது சின்னக் குறை இல்லை. இதையா நான் பாஸ் போட்டேன்?

கண்ணைத் திறந்தாள். அஷ்வின் பெரியவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினான்.

“சாமி, நீங்க சொன்னது கரெக்டு. இடது பக்கம் மேல் சவுண்டே வரல. இன்னும் ஆயிரம் மணி நேரம் ஓடினாலும் வராது. உங்க காதுல ஒரு குறையும் இல்ல” என்றாள் சுமித்ரா.

பாஷ்யம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. “மொத நாளே சொன்னேனே. மொத நாளே சொன்னேனேடீ நாமகிரி” என்றார். அஷ்வின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அவளோடு சேர்ந்து கம்பெனி மானமும் போயிற்று என்று அவனுக்குத் தோன்றியிருக்கும்.

சுமித்ராவுக்குத் தன் வேலை போனதாகவே தோன்றியது. போவதானாலும் எதனால் போகிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று இடது ஸ்பீக்கரின் முகத்தில் மாட்டியிருந்த கறுப்புத் துணிச் சட்டத்தைப் பிடித்து இழுத்தாள். காந்தத்தில் ஒட்டியிருப்பது, டப்பென்று கையோடு வந்தது.

உள்ளே, உச்சிக் குரலைத் தருகிற ட்வீட்டரின் மேல், பட்டுத்துணியில் செய்த அந்தச் சின்ன உருண்டை முகத்தின் மேல், அழகாக ஒரு நாமம் போட்டிருந்தது. வெள்ளைத் திருமண்ணில் இரண்டு கோடு, நடுவே சிவப்பு ஸ்ரீசூர்ணம். கோணல் மாணல் இல்லாமல், கோயில் கதவில் எழுதியது போல். திருமண் காய்ந்து கல்லாகி இறுகியிருந்தது.

பாஷ்யம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“அது நான்தான்,” என்றார் நாமகிரி, மெதுவாக. “புதுசா எது வந்தாலும் திருமண் சாத்தாம ஆத்துல பொழங்கறதில்லை. பெட்டி வந்த அன்னிக்கு இவர் மலைக்குப் போயிருந்தார். துணி மேல நிக்கலை. கழட்டிப் பார்த்தேன், நாமம் இடறதுக்குன்னே பண்ணி வெச்ச மாதிரி வழவழன்னு நெத்தி மாதிரி இருந்தது. ரெண்டும் ஒரே செட்டுதானே, ஒண்ணுக்கு இட்டாப் போறுமேன்னுட்டு...”

“முந்நூறு மணி நேரம் நான் கேட்டுண்டு உக்காந்திருந்தேனே, வாயைத் திறந்தியா நீ?” என்றார் பாஷ்யம்.

“பெருமாள் நாமத்தால பாட்டு கெட்டுப்போகும்னு நான் கண்டேனா!”

சுமித்ராவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. அடக்கினாள், முடியவில்லை. மூன்று வாரமாக ஒட்டியிருந்த பயம் அந்தச் சிரிப்போடு உதிர்ந்து போயிற்று. தன் காது தூங்கவில்லை. அன்றைக்கும் தூங்கவில்லை, இன்றைக்கும் தூங்கவில்லை. அஷ்வினைப் பார்த்தாள். அவன் போய்க் காரிலிருந்து ஸ்பேர் ட்வீட்டரை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. நாங்களும் ஆயுத பூஜைக்கு மிசினுக்குப் பொட்டு வெக்கறவங்கதான். இனிமே பெட்டி மேல மரத்துல வைங்க. மரம் தாங்கும்” என்று சொல்லிக்கொண்டே நாலு ஸ்க்ரூவைக் கழற்றினாள். பழையதை எடுத்துப் புதியதை வைத்து முடுக்கினாள். “இப்ப போடுங்க சாமி. புத்தம் புதுசு இது. ஒரு மணி நேரங்கூட ஓடல.”

தவில் மறுபடி ஓடியது. இரண்டு பக்கமும் ஒரே தவில், கூடத்தின் நடுவில் ஆள் உட்கார்ந்து வாசிப்பது போல். பாஷ்யம் தொடையில் தாளம் போட ஆரம்பித்தவர் பாட்டு முடியும் வரை நிறுத்தவில்லை. முடிந்ததும் எழுந்து வந்து சுமித்ராவைக் கும்பிட்டார். அவள் பதறிப்போய் இரண்டடி பின்னால் போனாள்.

கிளம்பும்போது ஒரு சின்னத் தகராறு. கெட்டுப்போன உருப்படியைக் கம்பெனிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றான் அஷ்வின். திருமண் சாத்தினதைக் குப்பையில் போடப்படாது என்றார் நாமகிரி. கடைசியில் ஒரு மஞ்சள் பட்டுத்துணியில் சுற்றி, ஒரு துளசித் தளமும் வைத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அந்தப் பட்டுத்துணி சாய்குமார் மேஜைக்கு வந்தது. பிரித்தார். பார்த்த மாத்திரத்தில் மேஜைக்கு அடியில் ஷூவைக் கழற்றிவிட்டு, நாமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கெட்டுப்போன உருப்படியின் மேல் சிவப்பு ‘ரிஜெக்ட்’ ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திண்டாடினார். பிறகு பைலில் ஒட்டினார்.

அஷ்வின் ரிப்போர்ட்டில் ‘வாடிக்கையாளர் தவறு’ என்று எழுதியிருந்தான். சுமித்ரா அதை அடித்துத் திருத்தச் சொன்னாள். “முதல் நாளே வாடிக்கையாளர் சரியாகச் சொன்னார், நாம் கேட்கவில்லை. அத எழுதுங்க சார்.” அவன் சாய்குமாரைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். எழுதினான்.

“சரேம்மா. நானூறு ஜோடியையும் ரிலீஸ் பண்ணிடறேன். நாளைலேருந்து நீ உன் பூத்துக்குப் போ” என்றார் சாய்குமார்.

“அட்டை, சார்?”

“எந்த அட்டை?”

“மூணு வாரமா போட்டுகினு இருந்தேனே, அது. அது பெட்டியில இருக்கற வரைக்கும் நான் பாஸ் போட மாட்டேன்.” அஷ்வின் வாயைத் திறந்தான். அவள் விடவில்லை. “நான் பாஸுன்னா அது இன்னிக்கே நல்லா பாடும்னு அர்த்தம் சார். இருநூறு மணி நேரம் கழிச்சிப் பாடும்னு அட்டை சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

சாய்குமார் அந்தப் பட்டுத்துணியை மறுபடி மடித்துச் சுற்றினார். “அட்டைய எடுத்துட்டா தினமும் நாப்பது போன் வரும்மா. யாரு மாட்லாடறது?”

“நான் பேசறேன். மத்தியானம் ஒரு மணி நேரம் போன என்கிட்ட குடுங்க.”

தலைமை அலுவலகம் பதில் சொல்ல எட்டு நாள் எடுத்துக்கொண்டது. அந்த எட்டு நாளும் சுமித்ரா தானாகவே பேக்கிங்கில் நின்றாள். அட்டையைத் தொடவில்லை, டேப் மட்டும் ஒட்டினாள். ரக்ஷிதாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவள் சாப்பாட்டை மறந்துவிட்டு, நாமக் கதையை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஒன்பதாம் நாள் அட்டை இல்லாமல் முதல் பெட்டி போயிற்று. சுமித்ரா பூத்துக்குப் போனாள், போன் கூடவே போயிற்று.

முதல் போன் வேலூரிலிருந்து. தயங்கித் தயங்கிப் பேசினார் ஒருவர். “மேடம், வாங்கி நாலு நாள்தான் ஆவுது. வலது பக்கம் லேசா கரகரன்னு இருக்கற மாதிரி... புதுசு இல்லையா, இன்னும் ஓடினா சரியாயிடுமோ என்னமோ. நமக்கு இதெல்லாம் இன்னா தெரியும்.”

சுமித்ரா பூத் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்களுக்குத்தான் சார் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் கேட்டுகினு இருக்கறேன்.”